மூளை பெட் மாடல் பொருந்த மறுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய ஒரு பொருளை (ட்ரேசர்) ரத்தத்தில் செலுத்தி, அது மூளைத் திசுவில் நேரத்தோடு எப்படிச் சேர்கிறது என்று அளக்கிறோம். ரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையே அது போய்வரும் வேகங்களை அந்த அளவிலிருந்து கணக்கிடுவதுதான் மாடல். மாடலை ஓட்டியாகிவிட்டது. திரையில் திசுவின் புள்ளிகள் ஒரு பக்கம், மாடல் போட்ட கோடு இன்னொரு பக்கம். அல்லது கோடு புள்ளிகளின் மேலேயே அழகாகப் போகிறது, அட்டவணையில் மட்டும் கே3 என்ற வேக மாறிலியின் மதிப்பு 4 என்று நிற்கிறது. இரண்டில் எது வந்தாலும் உடனே தோன்றுவது மாடலை மாற்றலாம் என்பதுதான். இன்னொரு தொட்டி (ட்ரேசர் தங்கும் இடத்தை மாடலில் அப்படிச் சொல்வோம்) சேர்ப்போம், இன்னொரு மாறிலியைத் தளர்த்துவோம் என்று கை பரபரக்கும். தயவுசெய்து அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் தேடிக் கண்டுபிடித்த பிழைகளில் பாதிக்கு மேல் மாடலில் இல்லை. கடிகாரத்தில் இருந்தன, ரத்தம் எடுத்த குழாயில் இருந்தன, அலகில் இருந்தன. அதனால் இங்கே வரிசையும் அதேதான்: நேரம், அலகு, ரத்தம், அப்புறம் மாடல்.

முதலில், நன்றாக இருந்தால் எப்படி இருக்கும்

உதாரணத்துக்கு எஃப்டிஜியை, அதாவது ஃப்ளோரின்-18 ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற ட்ரேசரை, எடுத்துக்கொள்வோம். ரத்தப் பிளாஸ்மா ஒரு தொட்டி. மூளைத் திசுவில் கட்டில்லாமல் திரியும் எஃப்டிஜி இரண்டாவது தொட்டி. ஹெக்சோகைனேஸ் நொதி பாஸ்பேட்டை மாட்டிப் பூட்டிவைத்த எஃப்டிஜி மூன்றாவது தொட்டி. பிளாஸ்மாவிலிருந்து திசுவுக்கு வருவது கே1, திரும்பிப் போவது கே2, பூட்டுவது கே3, பூட்டுத் திறப்பது கே4.

1980-இல் ஹுவாங், ஃபெல்ப்ஸ் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் சாம்பல் திசுவுக்குக் கொடுத்த சராசரிகளை நான் எப்போதும் பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன்: கே1 0.102, கே2 0.130, கே3 0.062, கே4 0.0068. வெள்ளைத் திசுவில் கே1 ஏறக்குறைய பாதி, 0.054. கே1-க்கு மட்டும் அலகு வேறு: ஒரு கன சென்டிமீட்டர் திசு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் பிளாஸ்மாவை வழித்தெடுக்கிறது என்பது அது. மற்ற மூன்றும் வெறுமனே 'நிமிடத்துக்கு இவ்வளவு'. கே1 × கே3 ÷ (கே2 + கே3) என்று போட்டால் நிகர உள்வரவு கிடைக்கும். மேலே உள்ள எண்களுக்கு அது 0.033. திசுவுக்குள் ரத்தக் குழாய்கள் பிடித்திருக்கும் பங்கு 0.05 வாக்கில்.

உங்கள் எண்கள் இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சாக இதுவேதான் வர வேண்டும் என்றில்லை. ஆனால் 0.102 வரவேண்டிய இடத்தில் 3 வந்தால் அதை மூளை செய்யவில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். மாடலைத் தரவோடு பொருத்தும் ஒவ்வொரு ஃபிட்டுக்கும் மிச்சத்தை வரையுங்கள். அளந்த மதிப்பில் மாடல் சொன்னதைக் கழித்தால் வருவது. நல்ல ஃபிட்டில் மிச்சங்கள் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடக்கும். தொடர்ந்து ஆறு புள்ளி மேலே, அப்புறம் ஐந்து புள்ளி கீழே என்று அலை போல வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அந்த அலை எந்த நிமிடத்தில் வருகிறது என்பதுதான் கீழே வரும் எல்லாத் தேடலுக்கும் தொடக்கம்.

அறிகுறி: எல்லாப் பகுதியிலும் எண்கள் ஒரே மடங்கில் தப்பாக வருகின்றன

இதுதான் கண்டுபிடிக்கச் சுலபமானது. எந்தெந்த எண் தப்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கே1, கே2, கே3, கே4 நான்குமே 60 மடங்கு சின்னதாக இருந்தால் நேரம் நொடியில் உள்ளே போயிருக்கிறது. ரத்த வளைகோட்டுக்கு (ரத்தத்தில் ட்ரேசர் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) நிமிடம், திசுவுக்கு நொடி என்று கலந்துவிட்டால் ஃபிட்டே நடக்காது, அது உடனே தெரிந்துவிடும்.

கே2, கே3, கே4 எல்லாம் ஒழுங்காக இருக்க, கே1-உம் ரத்தப் பங்கும் மட்டும் ஒரே மடங்கில் தப்பியிருந்தால் கதிரியக்க அலகில் பிழை. ரத்தத்தை எண்ணும் கருவி நானோகியூரியில் கொடுத்திருக்கும், ஸ்கேனர் பெக்கரலில் கொடுத்திருக்கும். ஒரு நானோகியூரி 37 பெக்கரல். மடங்கு 37 என்று கிடைத்தால் அதற்கு மேல் தேட வேண்டாம். மடங்கு 1.08 போலச் சின்னதாக இருந்து, அன்றைக்கு ஸ்கேன் செய்த எல்லாரிடமும் அதே அளவு வந்தால், எண்ணும் கருவிக்கும் ஸ்கேனருக்கும் இடையிலான ஒப்பீட்டு அளவீடு விலகியிருக்கிறது. இரண்டிலும் ஒரே கரைசலை வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

மடங்கு ஒரு விசித்திரமான எண்ணாக இருந்தால் சிதைவுத் திருத்தத்தை, அதாவது கதிரியக்கம் தானாகக் குறைவதை ஈடுகட்டும் கணக்கைப் பாருங்கள். திசுவை ஊசி போட்ட நேரத்துக்குத் திருத்தி, ரத்தத்தை எண்ணும் கருவியை இயக்கிய நேரத்துக்குத் திருத்தியிருப்பார்கள். இடையில் 10 நிமிட வித்தியாசம் என்று வையுங்கள். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 109.8 நிமிடம், ஆகவே பிழை 1.065 மடங்குதான். கார்பன்-11-க்கு அரை ஆயுள் 20.4 நிமிடம், அதே 10 நிமிடம் 1.4 மடங்கு ஆகிவிடும். 2 நிமிடமே அரை ஆயுள் உள்ள ஆக்சிஜன்-15-க்கு சுமார் 30 மடங்கு. எஃப்டிஜியில் பழகியவர்கள் கார்பன்-11-க்கு மாறும்போது முதல் மாதத்தில் இதில்தான் வழுக்குகிறார்கள். எஃப்டிஜி அத்தனை பொறுமையான ட்ரேசர். 1976-இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தியபோது புரூக்ஹேவனில் தயாரித்து விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். கார்பன்-11-ஐ அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ரத்தத்துக்குத் திருத்தமே செய்யாமல் விட்டிருந்தால் பிழை ஒரே மடங்காக இருக்காது, நேரத்தோடு வளரும். ஃப்ளோரின்-18-இல் 60-ஆவது நிமிட மாதிரி 1.46 மடங்கு குறைந்து நிற்கும். வால் தாழ்ந்தால் ரத்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பு குறையும், நிகர உள்வரவு பொய்யாக ஏறும்.

அறிகுறி: முதல் இரண்டு நிமிடம் மட்டும் கோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான், என்னையும் சேர்த்து.

ஒரு தரவு கையில் வந்தது. முழு மூளையின் சராசரி வளைகோடு, தொடக்கத்தில் 5 நொடிக்கு ஒரு சட்டகம் (ஸ்கேனர் எடுக்கும் ஒரு படம்). மூன்று தொட்டி மாடல் ஓடி முடித்து, கே1 0.15, ரத்தப் பங்கு 0.11 என்று சொன்னது. 10 நிமிடத்துக்குப் பிறகு கோடு பிரமாதமாகப் பொருந்தியது. நேர அச்சு 60 நிமிடம் நீண்டிருந்ததால் தொடக்கம் ஒரு மயிரிழை அகலத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அச்சை 0-விலிருந்து 90 நொடி வரை மட்டும் வைத்து மறுபடி வரைந்தேன். 20-ஆவது நொடியிலிருந்து 25-ஆவது நொடி வரையிலான சட்டகத்தில் மூளை ஏற்கெனவே ஒளிர ஆரம்பித்துவிட்டது. ரத்த வளைகோடோ 36-ஆவது நொடி வரை தரையில் கிடந்தது. ட்ரேசர் ரத்தத்தில் வருவதற்கு முன்பே மூளைக்கு வந்துவிட்டதாகத் தரவு சொல்கிறது. அப்படி நடக்க வழியில்லை.

நடந்தது இதுதான். ரத்தம் எடுத்தது மணிக்கட்டுத் தமனியில். இதயத்திலிருந்து மூளைக்கு உள்ள தூரத்தைவிட மணிக்கட்டுக்குத் தூரம் அதிகம். அதற்கப்புறம் குழாய். உள்விட்டம் 1 மில்லிமீட்டர், நீளம் 50 சென்டிமீட்டர் என்றால் அதற்குள் 0.39 மில்லிலிட்டர் ரத்தம் நிற்கும். பம்ப் நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் இழுத்தால் அதைக் கடக்க மட்டும் 4.7 நொடி. இதோடு எண்ணும் கருவியின் கணினிக் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. எல்லாம் சேர்ந்து 14 நொடி. ரத்த வளைகோட்டை 14 நொடி முன்னால் தள்ளியதும் ரத்தப் பங்கு 0.05-க்கு வந்தது, கே1 0.11 ஆனது. மாடலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

தாமதம் எந்தப் பக்கம் என்பதைக்கூட மாறிலிகளிலிருந்தே ஊகிக்கலாம். ரத்தம் பிந்தி நின்றால் மாடல் எப்படியாவது முந்திக்கொள்ளப் பார்க்கும். அதனிடம் இருப்பதிலேயே வேகமான உறுப்பு ரத்தப் பங்குதான், ஏனென்றால் அது ரத்த வளைகோட்டை அப்படியே நகலெடுக்கிறது. ஆகவே ரத்தப் பங்கு வீங்கும், கே1-உம் கே2-உம் சேர்ந்து ஏறும். ரத்தம் முந்தி நின்றால் நேர்மாறு: ரத்தப் பங்கு பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரிசெய்யும் முறை: முழு மூளை வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரைச்சல் குறைவு. முதல் 3 நிமிடத்தை மட்டும் வைத்து, ரத்தத்தை −10 நொடியிலிருந்து +30 நொடி வரை ஒவ்வொரு நொடியாக நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஃபிட் செய்யுங்கள். மிச்சங்களின் வர்க்கக் கூட்டல் எங்கே அடிமட்டத்துக்கு வருகிறதோ அதுதான் தாமதம். அந்த ஒரே எண்ணை எல்லாப் பகுதிக்கும் பூட்டிவிடுங்கள். பகுதிக்குப் பகுதி தாமதத்தை மாடலே தேடட்டும் என்று விட்டால் இரைச்சல் உள்ள சின்னப் பகுதிகளில் அது கண்டபடி ஓடும். தலையின் ஒரு பக்கத் தமனி அடைபட்டவர்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்துவேன்; அங்கே இரண்டு பக்கத்துக்கும் தாமதம் நிஜமாகவே வேறு.

தாமதத்தைச் சரிசெய்தும் உச்சி பொருந்தவில்லை என்றால் பரவலைப் பாருங்கள். குழாய்க்குள் நடுவில் ஓடும் ரத்தம் வேகமாகவும் சுவரோடு ஓடுவது மெதுவாகவும் போவதால், கூர்மையாகப் புறப்பட்ட உச்சி மழுங்கிப்போய் வந்துசேரும். இதை ஒற்றை அடுக்குக்குறி வடிவத்தில் வைத்துக்கொண்டால் திருத்தம் எளிது: உண்மை வளைகோடு = அளந்த வளைகோடு + டாவ் × அளந்த வளைகோட்டின் சரிவு. டாவ் என்பது மழுங்கலின் கால அளவு. சரிவு எடுப்பது இரைச்சலைப் பெருக்கும் என்பதால் முதலில் மெல்ல வழவழப்பாக்கிவிட்டுச் செய்யுங்கள். டாவை மூளைத் தரவிலிருந்து ஃபிட் செய்வதை நான் நம்புவதில்லை. தாமதமும் டாவும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து விளையாடும். கதிரியக்கம் கலந்த ரத்தத்தைத் திடீரென்று குழாய்க்குள் திறந்துவிட்டு, எண்ணும் கருவி எப்படி ஏறுகிறது என்று மேசைமேலேயே அளந்துவிடலாம். ஒரு மத்தியான வேலை. குழாயும் பம்ப் வேகமும் மாறாதவரை அந்த எண் கைகொடுக்கும்.

கடைசியாக, மாடலின் மதிப்பைச் சட்டகத்தின் நடுப்புள்ளியில் மட்டும் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்கேனர் கொடுப்பது சட்டகம் முழுவதின் சராசரி. உச்சியைத் தாண்டும் 30 நொடிச் சட்டகத்தில் இரண்டும் ஒன்றாக இருக்காது. மாடலையும் சட்டகம் முழுக்கச் சராசரி எடுத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: கே1 இருக்க வேண்டியதைவிட ஒன்றே முக்கால் மடங்கு

பிளாஸ்மா வர வேண்டிய இடத்தில் முழு ரத்தம் வந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் நுழையாத ட்ரேசர் என்றால், அணுக்களின் பங்கு 45 சதவீதம் உள்ள ரத்தத்தில் அதன் செறிவு பிளாஸ்மாவைப்போல 0.55 பங்குதான். உள்ளீடு அந்த அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தால் கே1 1.8 மடங்கு ஏறும். மனிதச் சிவப்பணுவுக்குள் எஃப்டிஜி வேகமாகப் போய்வருவதால் அதில் இந்தப் பிழை லேசாகத்தான் தெரியும். அதனாலேயே எஃப்டிஜிக்கு எழுதிய நிரலை வேறு ட்ரேசருக்கு எடுக்கும்போது இது ஒளிந்திருந்து வெளியே வரும். நினைவில் வைக்க வேண்டியது: திசுவுக்குள் போகும் பகுதிக்குப் பிளாஸ்மா, ரத்தப் பங்கை நிரப்பும் பகுதிக்கு முழு ரத்தம். நிரலில் இரண்டு தனி வளைகோடு இருக்க வேண்டும்.

அறிகுறி: ஊசி குத்தாமல் படத்திலிருந்தே ரத்த வளைகோடு எடுத்தேன், எண்கள் நம்பும்படி இல்லை

கழுத்துத் தமனியின் உட்பக்கம் சுமார் 5 மில்லிமீட்டர். பெட் ஸ்கேனரின் பிரிதிறனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் தமனியின் ஒளி வெளியே வழியும், பக்கத்துத் திசுவின் ஒளி உள்ளே வழியும். தொடக்கத்தில் உச்சி சப்பையாகும். கடைசியில், திசு எஃப்டிஜியைச் சேர்த்து வைத்துவிட்ட நேரத்தில், வால் தூக்கும். உச்சி குறைந்தால் பரப்பு சுருங்கி நிகர உள்வரவு ஏறும். வால் உயர்ந்தால் பரப்பு கூடி அது இறங்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் நிகர உள்வரவு பார்க்கச் சரியாகவே இருக்கும், கே1 மட்டும் கெட்டுக்கிடக்கும். 'நிகர உள்வரவு பொருந்திவிட்டது, ஆகவே உள்ளீடு சரி' என்று யாராவது சொன்னால் கே1-ஐக் கேளுங்கள்.

எஃப்டிஜிக்கு நல்ல மருந்து, கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று சிரை மாதிரிகள் எடுத்து வாலை அவற்றோடு பொருத்துவது. அந்த நேரத்தில் சிரையும் தமனியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நீளமான ஸ்கேனர் கிடைக்கும் இடத்தில் இந்தத் தொல்லையே குறைவு. கலிஃபோர்னியா டேவிஸில் வந்த எக்ஸ்புளோரர் 194 சென்டிமீட்டர் நீளம். மூளையும் மகாதமனியும் ஒரே நேரத்தில் படத்தில் விழும். மகாதமனியின் அகலத்துக்கு இந்த வழிதல் பெரிய பொருட்டே இல்லை.

அறிகுறி: கோடு அச்சாகப் பொருந்துகிறது, மாறிலிகள்தான் தாறுமாறு

தொடக்கத்தில் சொன்ன கே3 = 4 இந்த வகை. அல்லது தொடக்க ஊகத்தை மாற்றி மறுபடி ஓட்டினால் வேறு கே2, வேறு கே3 வருகிறது. அல்லது கே3 0.09 என்றும் அதன் நிலையான பிழை 0.15 என்றும் காட்டுகிறது.

இங்கே நிரலில் தப்பு இல்லை. தரவு பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அதனிடம் கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்: கே2 0.130, கே3 0.062 என்றால் நிகர உள்வரவு 0.033. இரண்டையும் இரட்டிப்பாக்கி 0.260, 0.124 என்று வைத்தாலும் நிகர உள்வரவு அதே 0.033. ஏனென்றால் அதில் வருவது அந்த இரண்டின் விகிதம் மட்டுமே. பின்பாதி வளைகோடு முழுக்க நிகர உள்வரவைத்தான் பார்க்கிறது. கே2-ஐயும் கே3-ஐயும் தனித்தனியாகப் பிரிக்க உதவுவது அவற்றின் கூட்டல். அந்தக் கூட்டல், 0.192, தன்னைக் காட்டிக்கொள்வது 1 ÷ 0.192 = 5.2 நிமிட அளவிலான வளைவில். அதாவது முதல் 15 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் சட்டகங்கள் அடர்த்தியாக இல்லை, ரத்தத் தாமதம் தப்பு, அல்லது எடையை (எந்தச் சட்டகத்தை எவ்வளவு நம்புவது என்பதை) தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் கே2-உம் கே3-உம் கைகோத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகும்.

வெளியே வரும் வழிகள்:

எடையைச் சரிபாருங்கள். சிதைவுத் திருத்தம் செய்த தரவில் ஒரு சட்டகத்தின் மாறுபாடு, செறிவையும் சிதைவுத் திருத்த மடங்கையும் பெருக்கிச் சட்டகத்தின் நீளத்தால் வகுத்ததற்கு ஏறக்குறைய நேர்விகிதம். அதன் தலைகீழ்தான் எடை. எல்லாச் சட்டகத்துக்கும் ஒரே எடை கொடுத்தால், கார்பன்-11-இல் கடைசிச் சட்டகங்களின் இரைச்சலை நிஜம் என்று மாடல் நம்பிவிடும்.

மாறிலிகளுக்கு இடையிலான ஒட்டுறவு அணியை (எவை சேர்ந்தே அசைகின்றன என்று காட்டும் அட்டவணை) அச்சிடுங்கள். கே2-க்கும் கே3-க்கும் இடையே 0.98 என்று வந்தால் அந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கட்டுரையில் எழுதாதீர்கள்.

ஸ்கேன் 60 நிமிடம்தான் என்றால் கே4-ஐத் தளர்த்துவதா என்று யோசியுங்கள். கே4 0.0068 என்றால் பூட்டுத் திறக்கும் அரை நேரம் 102 நிமிடம். 60 நிமிடத் தரவில் அது பாதிகூட வெளியே தெரியாது. ஆனாலும் அதைச் சுத்தமாகப் பூஜ்ஜியம் என்று வைத்தால் நிகர உள்வரவு கொஞ்சம் தாழும். நான் செய்வது: முழு மூளைக்குத் தளர்த்தி ஒரு மதிப்பு எடுத்து, சின்னப் பகுதிகளுக்கு அதையே பூட்டுவது.

மாடல்களை ஒப்பிட அகைக்கே அளவுகோலை எல்லாரும் போடுகிறார்கள், போடுங்கள். ஆனால் அது சொல்வது எந்த மாடல் சிக்கனமாகப் பொருந்துகிறது என்பது மட்டும்தான். ரத்தம் 14 நொடி தள்ளி இருந்தாலும் அது ஒரு மாடலுக்கு மாலை போடத்தான் செய்யும்.

நிகர உள்வரவு மட்டுமே உங்கள் கேள்விக்குப் போதும் என்றால் கே2, கே3 பற்றிய கவலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி: பேட்லாக் கோடு நேராக வரவில்லை

பேட்லாக், பிளாஸ்பெர்க், ஃபென்ஸ்டர்மாக்கர் மூவரும் 1983-இல் கொடுத்த வரைபடம் இது. திசுவைப் பிளாஸ்மாவால் வகுத்து நிலைக்குத்தில், பிளாஸ்மாவின் பரப்பைப் பிளாஸ்மாவால் வகுத்துக் கிடையில். ட்ரேசர் பூட்டப்பட்டுவிட்டால் கோடு நேராகும், சரிவுதான் நிகர உள்வரவு.

தொடக்கத்தில் வளைந்திருப்பது இயல்பு. 5.2 நிமிடக் கால அளவு மூன்று நான்கு முறை கழியட்டும். எஃப்டிஜிக்கு 20-ஆவது நிமிடத்திலிருந்து கோடு போடுங்கள். கடைசியில் கீழ்நோக்கி மெல்ல வளைந்தால் கே4 வேலை செய்கிறது. திடீரென்று ஒரு படி போல விழுந்தால் தலை அசைந்திருக்கிறது: எந்தச் சட்டகத்தில் விழுகிறதோ அந்தச் சட்டகத்தின் படத்தையும் அதற்கு முந்தையதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், மண்டையோட்டின் விளிம்பு குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த வரைபடத்தில் ஒரு ஆபத்து உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. கெட்டுப்போன ரத்த மாதிரியை இது மறைத்துவிடும். ஒரு பின்நேர மாதிரி 10 சதவீதம் குறைவாக எண்ணப்பட்டது என்று வையுங்கள். கிடை மதிப்பு 100, நிலைக்குத்து 3.7 என்று இருக்க வேண்டிய புள்ளி, இரண்டையும் அதே சின்ன எண்ணால் வகுப்பதால், 111-க்கும் 4.11-க்கும் போய்விடும். சரிவு 0.033, வெட்டு 0.4 உள்ள கோடு 111-இல் சொல்வது 4.07. வித்தியாசம் ஒரு சதவீதம். புள்ளி கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது! கோட்டை விட்டு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் எதுவும் தெரியாது. புள்ளிகளுக்கு இடையே உள்ள கிடைத் தூரத்தைப் பாருங்கள். இடைவெளி ஒழுங்காக வந்துகொண்டிருக்க, ஒரு புள்ளி மட்டும் அடுத்ததோடு ஒட்டி நின்றால் அந்த நேரத்து மாதிரியைச் சந்தேகியுங்கள்.

ரத்த மாதிரிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு இணைப்பதும் மெதுவாகப் பிழை சேர்க்கும். இறங்கும் வளைகோட்டின் மேல் நேர்கோடு எப்போதும் உயர்ந்தே நிற்கும், பரப்பு கூடும், நிகர உள்வரவு குறையும். உச்சிக்குப் பிறகு மூன்று அடுக்குக்குறிகளின் கூட்டலாக வளைகோட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டு நிலைக்காத, ஏற்பியில் ஒட்டிப் பிரியும் ட்ரேசர்களுக்கு இதன் உடன்பிறப்பான லோகன் வரைபடம். அங்கே இரைச்சல் இரண்டு அச்சிலும் ஏறுவதால் பரவல் கொள்ளளவு (சமநிலையில் பிளாஸ்மாவைப்போல எத்தனை மடங்கு ட்ரேசர் திசுவில் இருக்கும் என்பது) கீழ்நோக்கியே சாயும். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் லோகன் போட்டுச் சராசரி எடுத்தது, பகுதியின் சராசரி வளைகோட்டுக்குப் போட்டதைவிடக் குறைவாக வந்தால் காரணம் அதுதான்.

அறிகுறி: ரத்த ஓட்டம் இரட்டிப்பானது, கே1 அசையவில்லை

எந்தப் பிழையும் இல்லை. இதைப் பிழை என்று நினைத்து நல்ல தரவைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ரெங்கினும் குரோனும் கொடுத்த சமன்பாட்டில் கே1 = ஓட்டம் × (1 − அடுக்குக்குறி(−ஊடுருவல் ÷ ஓட்டம்)). சாம்பல் திசுவில் ஓட்டம் 0.5, கே1 0.10 என்றால் ஒரு தடவை கடக்கும்போது எஃப்டிஜியில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. ஊடுருவல், அதாவது ரத்தக் குழாயின் சுவரை அது கடக்கும் திறன், 0.112 என்று வரும். ஓட்டத்தை 1.0 ஆக்குங்கள்: கே1 0.106. ஓட்டம் இரண்டு மடங்கு, கே1 ஆறு சதவீதம். எஃப்டிஜியின் கே1-ஐத் தீர்மானிப்பது ரத்தமூளைத் தடுப்பில் உள்ள குளுக்கோஸ் கடத்திகள். ஓட்டத்தை அளக்க வேண்டுமென்றால் தடுப்பைத் தாராளமாகக் கடக்கும் ஆக்சிஜன்-15 நீரை எடுங்கள். இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 1940-களில் கெட்டியும் ஷ்மிட்டும் மூளை ரத்த ஓட்டத்தை அளக்க நைட்ரஸ் ஆக்சைடைத் தேர்ந்ததே, அது தடுப்பை ஒரு பொருட்டாக மதிக்காமல் கடக்கும் என்பதால்தான்.

அறிகுறி: ஸ்கேனை நீட்ட நீட்டப் பரவல் கொள்ளளவு ஏறிக்கொண்டே போகிறது

60 நிமிடத் தரவுக்கு ஒரு மதிப்பு, 90-க்கு அதைவிடப் பெரியது, 120-க்கு இன்னும் பெரியது. ஏற்பி ட்ரேசர்களில் இதைக் கண்டால் வளர்சிதைப் பொருளை நினையுங்கள். கல்லீரல் ட்ரேசரை உடைக்கிறது. உடைந்த துண்டிலும் கதிரியக்கம் இருக்கிறது. எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். பிளாஸ்மாவில் முழுசாக மிஞ்சியிருக்கும் ட்ரேசரின் பங்கைக் குரோமட்டோகிராஃபியில் பிரித்தெடுத்துத் திருத்தினீர்களா? திருத்தியும் ஏறினால், துண்டு மூளைக்குள்ளேயே நுழைகிறது என்ற சந்தேகம் வலுக்கும். மாடலில் இன்னொரு தொட்டி சேர்த்து அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், தரவு அதைத் தாங்காது. மதிப்பு நிலையாக நிற்கும் நேர வரம்புக்குள் ஸ்கேனைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, குளுக்கோஸ் எரிப்பு விகிதம் மட்டும் பிறர் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை

திரட்டு மாறிலியைப் பாருங்கள். எஃப்டிஜி குளுக்கோஸ் போலவே நடந்துகொள்வதில்லை, அந்த வித்தியாசத்தை ஒரே எண்ணில் அடக்கியதுதான் அது. சோகலாஃப் 1977-இல் எலிக்கு, டீஆக்சிகுளுக்கோஸுக்கு, 0.483 என்று அளந்தார். மனிதருக்கும் எஃப்டிஜிக்கும் பல வருடம் 0.52 புழங்கியது, பிற்காலத்தில் அளந்தவர்கள் 0.8-ஐ ஒட்டிய மதிப்புகளைச் சொன்னார்கள். பிளாஸ்மா குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல், நிகர உள்வரவு 0.033 என்றால் 0.52-ஐ வைத்து 100 மில்லிலிட்டர் திசுவுக்கு நிமிடத்துக்கு 32 மைக்ரோமோல், 0.81-ஐ வைத்து 20. ஒரே மனிதர், ஒரே ஸ்கேன். ஒப்பிடும் கட்டுரை எந்த எண்ணை எடுத்தது என்று பார்க்காமல் பேசவே கூடாது. ஸ்கேன் நடக்கும்போது குளுக்கோஸ் எத்தனை முறை அளக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஒரே ஒரு தடவை, அதுவும் காலையில் வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் அது ஸ்கேன் நேரத்து மதிப்பு இல்லை.

ஒன்றுமே பிடிபடாதபோது

போலித் தரவு செய்யுங்கள். உங்கள் நோயாளியின் ரத்த வளைகோட்டையே எடுத்து, மேலே சொன்ன 0.102, 0.130, 0.062, 0.0068 என்ற எண்களால் திசு வளைகோடு ஒன்றை உருவாக்கி, உங்கள் சட்டகங்களுக்கு ஏற்ற இரைச்சலைத் தூவி, உங்கள் நிரலிடமே கொடுங்கள். நூறு முறை. போட்ட எண்கள் திரும்பி வரவில்லை என்றால் கோளாறு நிரலில் இருக்கிறது, மூளையையும் ரத்தத்தையும் விட்டுவிடலாம். இரைச்சல் இல்லாமல் திரும்பி வருகிறது, இரைச்சலோடு சிதறுகிறது என்றால் உங்கள் ஸ்கேனால் அந்த மாறிலியை அளக்க முடியாது. இரண்டிலும் நன்றாகவே திரும்பி வந்தால் மாடல் நல்ல மாடல், உள்ளே போன தரவில்தான் ஏதோ இருக்கிறது.

அப்போது கணினியை மூடிவிட்டு, ரத்தம் எடுத்த டெக்னீஷியனிடம் போய் உட்காருங்கள். கையால் எழுதிய தாளைக் கேளுங்கள். கணினியில் ஏற்றியதை இல்லை. எந்த மாதிரி தாமதமாக எடுக்கப்பட்டது, எந்த நேரம் ஊகித்து எழுதப்பட்டது, குழாயை உப்புநீரால் அலசியபின் முதலில் வந்ததைக் கொட்டினார்களா அல்லது அதையே எண்ணிவிட்டார்களா என்று கேளுங்கள். "ஆமாம், ஏழாவது மாதிரி எடுக்கும்போது ஊசி அடைத்துக்கொண்டது, ஒரு நிமிடம் போய்விட்டது" என்பார். தாளில் அந்த வரிசையில் நேரம் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும்.